ஆபரேஷனுக்கு முன் ஒரு தம்ளர் தண்ணீர்

மனிதர்களைத் தூங்க வைப்பது என் தொழில். வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது இதைப் பற்றி விசாரித்தால், நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி முந்திக்கொள்வாள். "இவருக்கு மருந்தே வேண்டாம். கொஞ்ச நேரம் பேசவிட்டாப் போதும், எதிர்ல இருக்கிறவங்க தானா தூங்கிடுவாங்க." கல்யாணமான புதிதிலிருந்து இதே ஜோக்தான். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்குக் கடுப்பு என்னவென்றால், நான் சொல்லும் ஜோக்குகளுக்கு அவர்கள் இப்படிச் சிரிப்பதில்லை.

கொல்கத்தாவில், பவானிபூரில் மெட்ரோவைவிட்டு மேலே வந்து, கச்சோரிக் கடை, நகைக் கடை, மறுபடி ஒரு கச்சோரிக் கடை என்று தாண்டிப் போனால் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி வரும். அங்கே நான் மயக்க மருந்து டாக்டர். என் பெயர் இங்கே யார் வாயிலும் நுழையாது. அதனால் நோயாளிகளுக்கு நான் 'மெட்ராஸி டாக்டர்பாபு'. எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம், அங்கிருந்து மெட்ராஸுக்கே ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போகணும் என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். "ஆமா ஆமா, மெட்ராஸ்தானே" என்றார்கள். விட்டுவிட்டேன்.

ஆடிட் என் தலையில் விழுந்தது சிங்காராவால். சிங்காரா என்றால் நம்ம சமோசாதான். ஆனால் உள்ளே காலிபிளவரும் வேர்க்கடலையும் இருக்கும், ஆறவே ஆறாது. மாதாந்திரக் கூட்டத்தில் எங்களை வரவழைப்பதற்காகவே அதைக் கொடுப்பார்கள். ஒருநாள் சூப்பரின்டென்டென்ட் எழுந்து, "இனிமேல் கிளினிக்கல் ஆடிட் கட்டாயம். யார் எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டார். ஒருவருக்கு முதுகுவலி வந்தது. இன்னொருவருக்கு ஃபோன் வந்தது. எனக்கு வாய் நிறைய சிங்காரா, கொதிக்கக் கொதிக்க. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், கண்ணில் நீர் வரத் தலையை ஆட்டினேன். கூட்டம் கைதட்டியது. நான் விழுங்கி முடித்தபோது பொறுப்பாளன் ஆகியிருந்தேன்.

விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. நல்ல சிகிச்சை இப்படி இருக்க வேண்டும் என்று ஒரு அளவுகோல் இருக்கும். நாம் செய்கிறது அதற்குக் கிட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்கணும். இல்லையென்றால் எதையாவது மாற்றணும். அப்புறம் மறுபடி அளந்து பார்க்கணும். அந்த 'மறுபடி'யில்தான் எல்லோரும் காணாமல் போவார்கள். நானும் போயிருப்பேன். டாக்டர்கள் கையெழுத்து படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று ஏதாவது லேசான தலைப்பை எடுத்து, யாரையும் நோகடிக்காமல் முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் திதிமணி விழுந்துவிட்டார்.

பெஹாலாவில் ஒரு பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஆசிரியைகளை இங்கே திதிமணி என்று கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்றாலும் அந்தப் பட்டம் போகாது. பித்தப்பை முழுக்கக் கல். கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தாலே வலி வந்து சுருண்டுவிடுவார். "மழைக்காலத்துல பக்கத்து வீட்டுல இலிஷ் மீன் பொரிச்சா நான் எந்திரிச்சுப் போய் ஜன்னலைச் சாத்திடுறேன்" என்று சொன்னார். ஒரு வங்காளி வாயிலிருந்து இதைவிடச் சோகமான வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை.

எங்கள் வார்டில் அப்போது ஒரு வழக்கம். நாளைக்கு ஆபரேஷன் என்று பெயர் போட்டுவிட்டால் நடுராத்திரியோடு சோறும் கட், தண்ணீரும் கட். காலையில் முதல் ஆளாகப் போகிறவருக்கும் அதே, மத்தியானம் கடைசியாகப் போகிறவருக்கும் அதே. கேட்டால், "ஒரு கேஸ் கேன்சலானா அடுத்த ஆள் ரெடியா இருக்கணுமில்ல?" என்பார்கள். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்காரரையும் விடியும்போதே இலை முன்னால் உட்கார்த்தி வைப்பது மாதிரி.

பட்டினி எதற்கு என்றால், மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. சோறு வயிற்றைவிட்டு இறங்க நேரமாகும். வெறும் தண்ணீர் சீக்கிரமே இறங்கிவிடும். அதனால் மயக்கம் கொடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்புவரைக்கும் தண்ணீர் குடிக்கலாம். பால் சேர்க்காத டீயும் குடிக்கலாம், இங்கே அதற்கு லால் சா என்று பெயர். இது எனக்கும் தெரியும், சர்ஜனுக்கும் தெரியும், வார்டு சிஸ்டருக்கும் தெரியும். பரீட்சையில் கேட்டால் மூன்று பேரும் சரியாக எழுதி முழு மார்க் வாங்குவோம். வார்டுக்குள் நுழைந்தால் மட்டும் மூன்று பேருக்கும் மறந்துவிடும்.

அன்று மே மாத வெயில். முதல் கேஸ் இழுத்துக்கொண்டே போனது. திதிமணியின் முறை மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது. தியேட்டருக்குக் கூட்டிப்போக ஆள் வந்ததும், "ஒரு நிமிஷம்" என்று பாத்ரூமுக்கு எழுந்து போனார். காலையில் பிரஷருக்கு மாத்திரை வேறு போட்டிருந்தார், அதுவும் ஒரு மிடறு தண்ணீரில். உடம்பில் ஈரம் இல்லை. எழுந்த வேகத்தில் கண் இருட்டி, வாஷ்பேசினில் நெற்றி மோதி விழுந்தார்.

தலையில் அடிபட்டவருக்கு அவசரமில்லாத ஆபரேஷனுக்காக மயக்கம் கொடுக்க முடியாது. நான்தான் கேன்சல் செய்தேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை, தப்பித்தோம். ஆனால் பித்தப்பையை எடுக்க வந்தவர், பித்தப்பையோடும் புருவத்துக்கு மேலே தையலோடும் வீட்டுக்குக் கிளம்பினார். எங்கள் ஆஸ்பத்திரி எதையும் எடுக்காமல், கூடுதலாக ஒன்றைப் போட்டு அனுப்பியது.

கிளம்பும் அன்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் அவருடைய தங்கை பையைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் அக்காவிடம் பாடம் கேட்க வந்த மாணவன் மாதிரி கட்டில் ஓரம் நின்றேன்.

"ஒரே ஒரு கேள்வி. எனக்கு ஏன் தண்ணி குடுக்கலே?"

"அது இங்க வழக்கம், திதிமணி."

"வழக்கமா, அவசியமா?"

நான் சுவரைப் பார்த்தேன். சுவர் உதவவில்லை.

"எந்த ஸ்கூல்லயாவது ஒரு பிள்ளைக்குக் காலையிலேருந்து தண்ணி குடுக்காம மத்தியானம் பரீட்சை ஹால்ல நிக்க வெச்சா, அவ அப்பா என்னை அலிப்பூர் கோர்ட்டுக்கு இழுத்திருப்பார். நீங்க என்னடான்னா வழக்கம்ங்கிறீங்க."

"தப்புதான், திதிமணி."

"நான் திரும்பி வருவேன். வலி எனக்குத்தானே. ஆனா எதுவரைக்கும் தண்ணி குடிக்கலாம்னு நீங்க சொன்ன பிறகுதான் வருவேன். புஸ்தகத்துல இருக்கிறதைச் சொல்லாதீங்க. இந்த வார்டுல அது நடக்குதான்னு பார்த்துட்டுச் சொல்லுங்க."

தங்கை பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அவ்வளவுதான், இருவரும் போய்விட்டார்கள்.

சர்ஜன் அன்றைக்கே என்னிடம் சொன்னார். அந்தக் கற்களோடு காத்திருப்பது நல்லதில்லை. அடுத்த தடவை வலி வரும்போது சீழ் பிடித்தால், இந்த வயதில், காய்ச்சலோடு அவசர ஆபரேஷன். அது வேறு கதையாகிவிடும். ஆகவே என் ஆடிட்டுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. யாரையும் நோகடிக்காத தலைப்பு என்று நினைத்ததெல்லாம் போச்சு. ஒரு பெண்மணி பெஹாலாவில் பித்தப்பையைப் பிடித்துக்கொண்டு என் பதிலுக்காக உட்கார்ந்திருந்தார்.

முதலில் நானே பட்டினி கிடந்து பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தேன். விஞ்ஞானிகள் அப்படித்தான் செய்வார்கள் என்று ஒரு நினைப்பு. காலையில் எழுந்ததும் கம்பீரமாகத்தான் இருந்தேன். பேப்பர் வந்தபோது அதில் உள்ள எல்லோர்மேலும் கோபம் வந்தது. மனைவி தாளிக்கிற சத்தம் கேட்டதும் அவள்மேலும் கோபம் வந்தது. இட்லி வெந்து இறங்குவதற்குள் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஆராய்ச்சி முடிஞ்சுதா?" என்றாள்.

"ஆய்வில் பங்கேற்றவர் பாதியில் விலகிவிட்டார்" என்றேன், இரண்டாவது தம்ளரைக் குடித்துக்கொண்டே.

அடுத்த வாரத்திலிருந்து அளக்க ஆரம்பித்தேன். முறை ரொம்ப எளிது. தியேட்டர் வாசலில் வருகிற ஒவ்வொருவரிடமும், "கடைசியா எப்போ தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்பது. ஆடிட் என்ற வார்த்தையைக் கேட்டதுமே வார்டில் பீதி. "பஞ்சு, ஊசி எல்லாம் என்கிட்ட சரியா இருக்கு, டாக்டர்பாபு. முன்னாடி இருந்த சிஸ்டரைக் கேளுங்க" என்று வார்டு சிஸ்டர் என்னை இன்கம்டாக்ஸ்காரன் மாதிரி பார்த்தார். ஸ்டாக் பார்க்க வரவில்லை, தாகத்தைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று புரிய வைக்கக் கொஞ்சம் சிரமப்பட்டேன்.

நோயாளிகள் சொன்ன பதிலெல்லாம் ஒரே மாதிரி. நேத்து ராத்திரி சாப்பாட்டோடு. நேத்து ராத்திரி படுக்கும்போது. ஒரு பெரியவர் மட்டும் யோசித்து, "நிஜத்துல நேத்து ராத்திரி. கனவுல காலையில ரெண்டு தடவை" என்றார். கனவை விலக்கிவிட்டால் அளவுகோலுக்குப் பக்கத்தில்கூட யாரும் வரவில்லை.

இதைக் கூட்டத்தில் வைத்தேன். எங்கள் சீனியர் சர்ஜன் சிங்காராவைக் கீழே வைத்தார். அவரை நாங்கள் 'தாதா' என்று கூப்பிடுவோம். வங்காளத்தில் அதற்கு அண்ணன் என்று அர்த்தம். இவர் விஷயத்தில் தமிழ் அர்த்தமும் பொருந்தும்.

"என்னப்பா மெட்ராஸி, என் தியேட்டரை வெள்ளத்துல மிதக்க விடப் போறியா?"

"வெறும் தண்ணி, தாதா. அதுவும் ரெண்டு மணி நேரம் முன்னாடி."

"எந்த ரெண்டு மணி நேரம்? என் கேஸ் எப்போ முடியும்னு எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதனாலதான் தியேட்டர்லேருந்து வார்டுக்கு ஃபோன் போடலாம்ங்கிறேன். இந்தக் கேஸ் இழுக்கும்போல இருக்கு, அடுத்தவருக்குத் தண்ணி குடுங்கன்னு."

"ஃபோன் யாரு போடுவா? நானா? கையில கத்தியை வெச்சுக்கிட்டா?"

"நான் போடுறேன், தாதா. எனக்குத்தான் ஆபரேஷன் நேரத்துல வேலையே இல்லைன்னு நீங்க அடிக்கடி சொல்வீங்களே."

கூட்டம் சிரித்தது. தாதாவும் சிரித்தார். சிரித்துவிட்டால் அவர் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து இன்னொரு சிங்காரா எடுத்துக்கொண்டேன். புது ஏற்பாடு தொடங்கியது. தியேட்டரிலிருந்து நான் ஃபோன் போடுவேன், சிஸ்டர் தண்ணீர் கொடுப்பார், கொடுத்ததற்கு டிக் போடுவார். ஒரு மாதம் கழித்து, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வாசலில் நின்று மறுபடி அளந்தேன்.

ஒன்றுமே மாறவில்லை. வார்டில் எல்லாப் பெயருக்கும் எதிரே தண்ணீர் கொடுத்தாச்சு என்று டிக். வாசலில் எல்லோருடைய உதடும் வறண்டிருக்கிறது. சிஸ்டர் சத்தியம் செய்தார்: "என் கையால குடுத்தேன், டாக்டர்பாபு." நான் அவரை நம்பினேன். நோயாளிகளையும் நம்பினேன். அப்படியென்றால் நடுவில் தண்ணீர் எங்கே போகிறது?

மறுநாள் காலை, முதல் கேஸ் ஆரம்பிப்பதற்கு முன்பே ஃபோன் போட்டுவிட்டு நானே வார்டுக்குப் போய்க் கதவோரம் நின்றேன். குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த ஒரு இளைஞன். சிஸ்டர் அவன் கையில் தம்ளரைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். பக்கத்து ஸ்டூலில் அவனுடைய பிஷிமா, அதாவது அப்பாவின் அக்கா. வாட்டசாட்டமான அம்மாள். சிஸ்டர் முதுகைத் திருப்பினாரோ இல்லையோ, பிஷிமா தம்ளரை அவன் கையிலிருந்து பிடுங்கி, நேராக வாஷ்பேசினுக்குப் போய்க் கவிழ்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்தார். பையன் ஏக்கத்தோடு வாஷ்பேசினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிஷிமா, என்ன பண்றீங்க?" என்று உள்ளே போனேன்.

"நீ யாரு?"

"மயக்க மருந்து டாக்டர். தண்ணி குடுக்கச் சொன்னதே நான்தான்."

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போன வருஷம் என் கொழுந்தனாருக்கு ஆபரேஷன். காலையில ஒரு வாய் சா குடிச்சுட்டான். கொஞ்சூண்டு! உன்னை மாதிரி ஒரு டாக்டர் வந்து எல்லார் முன்னாடியும் கத்தி, ஆபரேஷனைக் கேன்சல் பண்ணிட்டான். மறுபடி தேதி கிடைக்க அலைஞ்ச அலைச்சல் எங்களுக்குத்தான் தெரியும். நான் ரெண்டு பஸ் மாறி வந்து உட்கார்ந்திருக்கிறது எதுக்கு? இவனை ஒரு சொட்டு குடிக்க விடாம காக்கத்தான்."

"அது பால் போட்ட சாவா இருந்திருக்கும், பிஷிமா. இது வெறும் தண்ணி."

"இன்னிக்குத் தண்ணிம்பே. நாளைக்கு ஏன் குடிச்சேன்னு கத்துவே. டாக்டருங்களை எனக்குத் தெரியாதா?"

பக்கத்துக் கட்டில்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு காவல். ஒரு மாப்பிள்ளை தண்ணீர் பாட்டிலைத் தன் பைக்குள் வைத்துப் பையின்மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு மனைவி, கணவன் வாய் கொப்பளிக்கும்போதுகூடத் தொண்டையையே கவனித்துக்கொண்டிருந்தாள். நோயாளியோடு வருகிற சொந்தக்காரர் படையைக் கொல்கத்தாவில் 'பேஷன்ட் பார்ட்டி' என்பார்கள். நாங்கள் வருஷக்கணக்காக அந்தப் பார்ட்டியைத் தண்ணீருக்கு எதிராகக் கத்திக் கத்திப் பழக்கி வைத்திருக்கிறோம். அவர்கள் எங்களைவிட நன்றாகப் பாடம் படித்துவிட்டார்கள். நான் டாக்டர்களை மாற்றினேன், சிஸ்டரை மாற்றினேன், தண்ணீரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் காவல் காத்த படையை மாற்ற மறந்துவிட்டேன்.

அன்று சாயங்காலத்திலிருந்து என் முறையை மாற்றினேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளியைப் பார்க்கப் போகும்போது, நாடி பிடிக்கும் முன்பே பேஷன்ட் பார்ட்டியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பேன்: "உங்க வீட்டுல ரொம்பக் கண்டிப்பான ஆள் யாரு?"

எந்தக் குடும்பமும் யோசித்ததில்லை. எல்லா விரலும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் பக்கம் திரும்பும். அந்த ஆள் பெருமையும் வெட்கமுமாக முன்னால் வருவார். அவர் கையில் தம்ளரைக் கொடுப்பேன். "நாளைக்குத் தியேட்டர்லேருந்து ஃபோன் வரும். வந்ததும் இதைக் குடிக்க வைக்கிற பொறுப்பு உங்களுது. தண்ணி இல்லாம வறண்டு போய் ஒரு அம்மா இங்க விழுந்து, அவங்க ஆபரேஷன் கேன்சல் ஆச்சு. கேன்சல் பண்ணினதே நான்தான்."

'கேன்சல்' என்ற வார்த்தை தன் வேலையைக் காட்டியது. எந்த பயம் தண்ணீரை வாஷ்பேசினில் கொட்டியதோ, அதே பயம் இப்போது தம்ளரைப் பிடித்துக்கொண்டு வாயருகே கொண்டுபோனது. ஒரு மாமியார் மருமகனை, "குடி! முழுசா! அடியில மிச்சம் இருக்கு பார்" என்று அதட்டியதை நானே கேட்டேன். அந்த மருமகன் தாகத்தில் குடித்தாரா, பயத்தில் குடித்தாரா என்பது ஆடிட்டில் வராது. குடித்தார், அது வரும்.

மூன்றாவது தடவை வாசலில் நின்று அளந்தபோது பதில்கள் மாறியிருந்தன. "இப்போதான், காலையில." "லால் சா குடிச்சேன், சர்க்கரை கம்மி." ஒருத்தர் ஆஸ்பத்திரி சா நன்றாக இல்லை என்று புகார் சொன்னார். இவ்வளவு இனிமையான புகாரை நான் கேட்டதில்லை. எல்லோரும் அளவுகோலுக்கு வந்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெஹாலாவுக்கு ஃபோன் போடும் தைரியம் வந்துவிட்டது.

"திதிமணி, மயக்கத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் தண்ணி குடிக்கலாம்."

"புஸ்தகத்துலயா, வார்டுலயா?"

"வார்டுல. பார்த்துட்டேன்."

"போன வாரம் மறுபடி வலி வந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தேன்" என்றார். பிறகு, "வர்றேன்" என்றார்.

வந்தார். சாயங்காலம் நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். வீட்டில் கண்டிப்பான ஆள் யார்? தங்கை, ஒரு வார்த்தை பேசாமல், அக்காவைக் காட்டினார். என் முறையில் இதற்கு வழியே இல்லை. நோயாளியும் போலீஸும் ஒரே ஆள். சரி, தம்ளரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

காலையில் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. சொன்ன நேரம்வரை தண்ணீர் குடித்தார். சொன்ன நேரத்தில் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அடுத்து அவரைத்தான் அழைக்கணும். அந்த நேரம் பார்த்து வெடித்த குடல்வாலோடு ஒரு கல்லூரிப் பெண் எமர்ஜென்சிக்கு வந்து சேர்ந்தாள். அவளைத்தான் முதலில் எடுத்தாகணும். திதிமணி மத்தியானத்துக்குத் தள்ளிப்போனார். வெளியே முன்பு மாதிரியே வெயில். நான் தியேட்டரிலிருந்து வார்டுக்கு ஃபோன் போட்டேன்: "திதிமணிக்கு இன்னொரு தம்ளர் குடுங்க."

கொஞ்ச நேரத்தில் சிஸ்டரே திரும்பக் கூப்பிட்டார். "குடிக்கமாட்டேங்கிறாங்க, டாக்டர்பாபு. கொடுத்த நேரம் முடிஞ்சு போச்சாம். விதின்னா விதியாம்."

"எமர்ஜென்சி வந்திருக்கு, நேரம் மாறிப் போச்சுன்னு சொன்னீங்களா?"

"அவங்க கேட்ட அப்புறம்தான் சொன்னேன். நேரத்தை மாத்தினது யாரு, அந்த ஆளையே பேசச் சொல்லுங்கிறாங்க."

நேரத்தை மாற்றியவர் என் எதிரில் கையில் கத்தியோடு நின்றுகொண்டிருந்தார்.

என் வாழ்க்கையில் செய்த துணிச்சலான காரியங்களில் இதைச் சேர்த்துக்கொள்கிறேன். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, தாதாவின் காதருகே பிடிக்கும்படி தியேட்டர் நர்ஸிடம் கொடுத்தேன்.

"தாதா, திதிமணி. நீங்க சொன்னாத்தான் தண்ணி குடிப்பாங்களாம்."

முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் என்னை எரித்தன. ஃபோனிலிருந்து குரல் வந்தது. "யாரு பேசறது?"

தாதா தொண்டையைச் செருமினார். ஒரு ஆஸ்பத்திரியே நடுங்குகிற குரல் அவருடையது. "நான் சர்ஜன் பேசறேன், திதிமணி. நமஸ்காரம்."

"என் முறை தள்ளிப் போயிருக்கா?"

"ஆமா, திதிமணி. ஒரு சின்னப் பொண்ணு, குடல்வால் வெடிச்சுடுச்சு."

"அவ நல்லா இருக்காளா?"

"நல்லா ஆயிடுவா, திதிமணி."

"அப்போ அவளை முதல்ல பாருங்க. அது சரி. ஆனா எனக்கு நேரம் மாறினா ஏன் மாறினதுன்னு யாராவது வந்து சொல்லணுமா, வேண்டாமா? தம்ளரை மட்டும் நீட்டினா நான் என்னன்னு நினைக்கிறது?"

"சொல்லியிருக்கணும், திதிமணி."

"இப்போ நான் தண்ணி குடிக்கலாமா?"

தாதா என்னைப் பார்த்தார். தியேட்டரில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மானிட்டர் மட்டும் தன் வேலையாகக் கூவிக்கொண்டிருந்தது. "குடிங்க, திதிமணி" என்றார் தாதா. "முழு தம்ளரும் குடிங்க. நான் எப்போ முடிப்பேன்னு நானே திரும்பச் சொல்றேன்."

ஃபோன் வைக்கப்பட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் வேலை போய்விடும். தாதா வேலையைத் தொடர்ந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "என் அம்மாவும் டீச்சர். அதே குரல்." பிறகு, "இழுக்கும்போல இருக்கு. அதுக்கப்புறம் வர்ற கேஸுக்கும் தண்ணி குடுக்கச் சொல்லு. என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறே? உனக்குத்தான் வேலை இல்லையே" என்றார். அதிலிருந்து இன்றுவரை, கேஸ் தாமதமானால் வார்டுக்கு ஃபோன் போடச் சொல்லி முதலில் சத்தம் போடுகிறவர் அவர்தான். ஆடிட்டில் நான் சாதித்ததாக எல்லோரும் பாராட்டுகிற மாற்றத்தில் பெரும்பங்கு இந்த ஒரு தொலைபேசிப் பேச்சுக்குத்தான். பாராட்டை மட்டும் நான் வாங்கிக்கொள்கிறேன்.

மத்தியானம் திதிமணி தியேட்டர் வாசலுக்கு வந்தார். நடந்தே வருவேன் என்றாராம். சிஸ்டர் விடவில்லை, சக்கர நாற்காலி.

"கடைசியா எப்போ தண்ணி குடிச்சீங்க, திதிமணி?"

நேரத்தைச் சொன்னார். எவ்வளவு என்று நான் கேட்காமலே அதையும் சொன்னார். தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். "இல்லை. பசிக்குது. பசியும் தாகமும் வேற வேற" என்றார். பிரஷர் நன்றாக இருந்தது. புறங்கையில் ரத்தக்குழாய் தானாக எழுந்து நின்றது. ஊசி முதல் குத்திலேயே ஏறியது. வழக்கமாக இப்படி ஏறினால் சுற்றி இருப்பவர்களை ஒரு பார்வை பார்ப்பேன். அன்று அந்தப் பெருமையைத் தண்ணீருக்கே விட்டுக்கொடுத்தேன்.

கற்கள் வெளியே வந்தன. சீழ் எதுவும் இல்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று தாதா தங்கையிடம் போய்ச் சொன்னார். தங்கை அப்போதுதான் வாய் திறந்து, "தேங்க்யூ" என்றார்.

மயக்கம் தெளிந்து அறையில் கண்விழித்ததும் திதிமணி என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"முடிஞ்சுதா?"

"நல்லபடியா முடிஞ்சுது."

"தண்ணி?"

"இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும், திதிமணி."

கண்ணை முழுசாகத் திறந்தார். குரல் கரகரத்தது, ஆனால் அதில் சந்தேகமே இல்லை. "கொஞ்ச நேரம்னா எவ்வளவு? வழக்கமா, அவசியமா?"

நான் யோசித்தேன். நன்றாக விழித்திருக்கிறார். இருமச் சொன்னேன், இருமினார். குமட்டல் இல்லை என்றார். தண்ணீரைத் தடுக்கிற மாதிரி எந்தச் சிக்கலும் ஆபரேஷனில் இல்லை. காத்திருக்க எனக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது, எப்போதும் காக்க வைப்போம் என்பது.

தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லிவிட்டு, சிஸ்டரிடம் ஸ்பூனும் தண்ணீரும் கேட்டேன்.